மேசையில் நடந்த சண்டையும் வட்ஸ்அப்பில் நடந்த சண்டையும்



இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடந்து போகலாம், கோபமில்லை. பாதி வாசித்துவிட்டு மீதியை நீங்களே கற்பனை பண்ணிக் குரூப்பில் போட வேண்டாம் என்பது மட்டும்தான் வேண்டுகோள். ஏனென்றால் பிரச்சினை தொடங்கியதே அப்படித்தான்.

இரண்டு வாரமாக ஊருக்குள் ஒரு வொயிஸ் சுற்றுகிறது. "ஒரு சேர் ராவைல பொடியன்மார சேத்து மெப் போட்டு சண்ட பழக்குறாராம். வெளியாள் ஒருத்தரும் மோட்டார் சைக்கிள்ல வந்து போறாராம். இந்தக் காலத்துல இது தேவையா?" என்று கேட்கிறது அந்தக் குரல். அந்தச் சேர் நான்தான். வொயிஸ் வந்து மூன்றாம் நாள், பொறுப்பானவர்கள் வாசிகசாலைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல சேர், ஆக்கள் கதைக்கிறாங்க" என்றார்கள். என்ன விளையாடினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனவே கேட்காத கேள்விக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

நாங்கள் ஆடியது ஒரு மேசை விளையாட்டு. 1987இல் இங்கிலாந்தில் ரிக் ப்ரீஸ்ட்லி என்பவர் எழுதி, கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்ற கம்பனி வெளியிட்ட 'வோர்ஹாமர் 40,000: ரோக் ட்ரேடர்' என்ற விதிப்புத்தகம். நாற்பதாயிரம் வருடங்களுக்குப் பிந்திய ஒரு விண்வெளி உலகத்தைக் கற்பனை பண்ணி, சின்னச் சின்ன உருவங்களை மேசையில் வைத்து, அங்குலக் கோலால் அளந்து நகர்த்தி ஆடுவது. ஒரு வீரன் ஒரு முறையில் 4 அங்குலம் நடக்கலாம். அவனுடைய துப்பாக்கி 24 அங்குலம் வரை எட்டும். இப்படியே விதிகள் பக்கம் பக்கமாகப் போகும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த கூட்டாளி ஒருவர் அந்தப் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். புதிதாக ஆடுகிறவர்கள் பழகுவதற்காக அதில் ஒரு காட்சி இருக்கிறது: 'பண்ணையில் ஒரு சண்டை'. உலகம் முழுக்க அந்த விளையாட்டின் பழைய ஆட்கள் இன்றைக்கும் நண்பர்களைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்ப அமைத்து ஆடுகிற காட்சி அது. அதைத்தான் நாங்களும் அமைத்தோம்.

கதை சின்னது. ரின்ஸ் வேர்ல்ட் என்ற கிரகத்தில் 'கிரிம்சன் ஃபிஸ்ட்ஸ்' என்ற படையின் கோட்டை அழிந்துவிட்டது. பெட்ரோ கேன்டர் என்ற தளபதி மிச்சமிருக்கும் சிலரோடு தப்பி, இடிந்துபோன ஒரு பண்ணைக்கு வந்து சேருகிறான். ஓர்க் என்னும் பச்சை நிறத்து முரட்டுக் கூட்டம் த்ரக் என்ற தலைவனோடு அந்தப் பண்ணையை நோக்கி வருகிறது. ஒரு பக்கம் தப்பி வந்தவர்கள், மறுபக்கம் பாய்ந்து வருகிறவர்கள், நடுவில் நாலு இடிந்த வீடு.

இதை ஆட இரண்டு பேர் போதாது. மூன்றாவதாக ஒரு மத்தியஸ்தர் வேண்டும். அவர் ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே ஒரு காகிதம் கொடுப்பார். நீ யார், உனக்கு என்ன தெரியும், உனக்கு என்ன வேண்டும் என்று அதில் இருக்கும். ஒருவர் காகிதத்தை மற்றவர் பார்க்க முடியாது. இரண்டையும் வாசித்தவர் மத்தியஸ்தர் மட்டுமே.

எங்கள் மத்தியஸ்தர் யார்? மோட்டார் சைக்கிளில் வந்துபோன அந்த "வெளியாள்"தான். அடுத்த ஊரில் கணிதம் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர். இருபது வருடமாக எனக்குப் பழக்கம். ஒரே விடைத்தாள் திருத்தும் நிலையத்தில், ஒரே பார்சல் சோற்றைப் பாதி பாதியாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். இரண்டு பக்கத்து இரகசியமும் தெரிந்த ஆளாக யாரை வைப்பது என்று பேசியபோது, எங்கள் கூட்டாளிகள் எல்லோரும் ஒரே வாயாக அவர் பெயரைத்தான் சொன்னார்கள். நமது ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் என்னென்ன நடந்திருக்கிறது என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஒரு மேசையில் அவரை நடுவராக வைத்து அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டோம் என்றால், அது ஒளிக்க வேண்டிய விஷயமா? பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட வேண்டிய விஷயமா?

சாமான்களைப் பற்றியும் ஒரு கதை ஓடுகிறது, வெளிநாட்டுக் காசு என்று. கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாசிப்பு மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். பிரிட்ஜ் பெட்டிக்குள் வந்த ரெஜிபோமை வெட்டி நாலு இடிந்த வீடு. தென்னந்தும்பைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து மரங்கள். படை என்று சொல்வது சோடாப் போத்தல் மூடிகள். சிவப்பு மூடி மரைன், பச்சை மூடி ஓர்க். கம், சாயம், பிரிஸ்டல் போர்ட் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாவைத் தாண்டவில்லை. அதையும் ஐந்து பேர் பிரித்துக்கொண்டோம்.

இது எங்கள் வறுமையால் வந்த குறுக்குவழி மட்டும் அல்ல. அந்த விளையாட்டே ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. காலியான டியோடரண்ட் போத்தலைக் கொண்டு மிதக்கும் யுத்த வாகனம் செய்வது எப்படி என்று அந்தக் காலத்தில் வாசகர்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். 1987இல் 30 பிளாஸ்டிக் மரைன் உள்ள பெட்டி 9.99 பவுண். இன்றைக்கு அதே கம்பனி, 2024 டிசம்பரில், லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் பட்டியலுக்குள் போய்விட்டது. அவர்களுடைய புதிய பெட்டிகளின் விலையை நம்முடைய ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் ஓர் ஆசிரியரின் சம்பளம் நின்று யோசிக்கும். எங்களுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. காட்சியும் விதியும் போதும். மூடி நம் ஊர்க் கடைகளில் கூட்டிப் பெருக்கும் அளவுக்குக் கிடக்கிறது.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

முதலாவது, "வயசு போன ஆக்களுக்கு இது வீண் வேலை."

சரி. வீண் இல்லாத வேலை எது என்று சொல்லுங்கள். இஷாவுக்குப் பிறகு நமது ஊரில் ஆண்கள் என்ன செய்கிறார்கள்? சந்தியில் நின்று போன் பார்க்கிறோம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறோம். நமது பொடியன்மார் ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் விடியும்வரை ஆடுகிறார்கள். அதிலும் துப்பாக்கிதான், அதிலும் சண்டைதான். முகம் தெரியாதவனை முகம் தெரியாதவன் சுடுகிறான். தோற்றால் அடுத்த நொடியே புது ஆட்டம். எதிரில் இருந்தவன் யார், ஏன் தோற்றோம், ஒன்றும் தெரியாது. அதற்கு யாரும் வொயிஸ் போடவில்லை. கதவைத் திறந்து வைத்து, லைட்டைப் போட்டு, ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று மூன்று மணித்தியாலம் முகம் பார்த்துக் கதைத்தால் மட்டும் அது சந்தேகமாகிறது.

எங்களோடு ஆடுகிறவர்களைச் சொல்கிறேன். ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர். பார்மசியில் நிற்கும் என் பழைய மாணவர் ஒருவர். தச்சு வேலை செய்யும் நானா ஒருவர். மற்றது நானும் அந்த மத்தியஸ்தரும். இந்த ஐந்து பேரும் இதற்கு முன் ஒரே இடத்தில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்தது இல்லை. ஓட்டோத் தம்பி சாதாரண தரத்தோடு நிறுத்தியவர். இப்போது ஒரு சுவருக்குப் பின்னால் நிற்கும் மூடியை எந்தக் கோணத்திலிருந்து பார்க்க முடியும் என்று நூல் பிடித்துக் காட்டி, கணித ஆசிரியரோடு வாதாடி வெல்கிறார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இருந்தும் தன்னை யாரும் யோசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை என்று அவர் ஒருநாள் சொன்னார். ஆசிரியனாக அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. உங்களுக்கும் உறைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது, "தாயம் உருட்டுவது ஹராம் இல்லையா?"

இது நியாயமான கேள்வி. கேட்டவர் மீது எனக்கு மரியாதை உண்டு. மூல விளையாட்டில் தாயக்கட்டை உண்டு, நிறையவே உண்டு. நாங்கள் தொடங்குவதற்கு முன்பே ஊர் மௌலவி ஒருவரிடம் கேட்டோம். நமது ஷாபிஈ மத்ஹபில் இரண்டு விளையாட்டுகளைப் பிரித்துப் பேசுகிறார்கள். தாயக்கட்டையை நம்பிய நர்து ஹராம். யோசனையை நம்பிய சதுரங்கம், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் இருந்தால் மக்ரூஹ். மற்ற மத்ஹபுகளில் சதுரங்கத்திலும் கடுமை உண்டு. இதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். தாயத்தை விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டோம்.

அதற்குப் பதில் என்ன செய்தோம்? ஒவ்வொரு தரப்புக்கும் பிரிஸ்டல் போர்ட்டில் 1 முதல் 6 வரை எழுதிய ஆறு அட்டை. சுடுகிறவரும் சுடப்படுகிறவரும் ஆளுக்கோர் அட்டையைத் தெரிந்து கவிழ்த்து வைப்பார்கள். ஒரே நேரத்தில் திருப்புவோம். சுடுகிறவருடைய எண் கூட இருந்தால் பட்டது. தூரம் கூடினால் அவர் எண்ணில் ஒன்று குறையும். சுவருக்குப் பின்னால் நிற்பவனைச் சுட்டால் இன்னும் ஒன்று குறையும். பாவித்த அட்டை, ஆறும் முடியும்வரை கைக்குத் திரும்பி வராது. முதல் சூட்டிலேயே 6ஐ இறக்கினால் அவசரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆடிப் பார்த்தால் தெரியும், தாயத்தைவிட இது கடினம். தாயம் விழவில்லை என்று நஸீபைக் குறை சொல்லித் தப்ப முடியாது. தெரிந்தெடுத்தது நீ.

உருவ பொம்மை என்ற குற்றச்சாட்டுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. எங்கள் காய்களுக்கு முகம் இல்லை, கை கால் இல்லை, சோடா மூடி. என்றாலும் விளையாட்டு என்றாலே முகத்தைச் சுளிக்கும் சகோதரர்கள் அபூதாவூதில் உள்ள ஒரு ஹதீஸை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் இரண்டு சிறகு வைத்த ஒரு குதிரை இருந்தது. ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைப் பார்த்துக் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பெருநாளன்று பள்ளிவாசலுக்குள் ஈட்டி கொண்டு விளையாடிய அபிசீனியர்களை அவர்கள் தடுக்கவும் இல்லை. ஆயிஷா நாயகியைத் தனக்குப் பின்னால் நின்று பார்க்கவும் விட்டார்கள். நம் மார்க்கத்தில் சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் இடம் இருந்தது. இடத்தைச் சுருக்கியது நாம்.

மூன்றாவது குற்றச்சாட்டுத்தான் கனமானது. "யுத்தம் பார்த்த ஊரில் யுத்த விளையாட்டா?"

இதை இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். நமது ஊரில் ஜனாஸாக்களை வரிசையாக அடக்கியவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால்தான் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரலாறு படிப்பிக்கிறவன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடுவர் வைத்து மேசையில் சண்டை ஆடும் முறையை 1824இல் பிரஷ்யாவின் இராணுவம் எடுத்துக்கொண்டது. ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் உருவாக்கியது அது. நோக்கம், அதிகாரிகளுக்கு உண்மையான யுத்தம் பழக்குவது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எச்.ஜி.வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் பூமியைத் தாக்கும் நாவலை 1898இல் எழுதினாரே, அவர்தான். 1913இல் 'லிட்டில் வோர்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் சின்ன மரக்குண்டு அடித்து ஆடும் விதிகள் அதில் உண்டு. ஆனால் புத்தகத்தை முடிக்கும்போது பிரஷ்யாக்காரர்களுக்கு நேர் எதிரான இடத்துக்கு அவர் வருகிறார். சின்ன யுத்தத்தை ஆடிப் பார்த்தவனுக்குத்தான் பெரிய யுத்தம் எவ்வளவு மடத்தனம், எவ்வளவு குளறுபடி என்பது விளங்கும் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் ஈயச் சிப்பாய் வைத்து ஆடிய எழுத்தாளர்கள் அல்ல.

வோர்ஹாமர் கதையிலும் இதைக் கவனியுங்கள். அந்த எதிர்கால மனித சாம்ராஜ்யம் நல்ல ராஜ்யம் இல்லை. ஒரு மன்னனைக் கடவுளாக்கி, வெறுப்பை அரசாங்கமாக்கிய உலகம். எழுதியவர்கள் அதை நையாண்டியாகத்தான் எழுதினார்கள். அதை உண்மையான இலட்சியம் என்று எடுத்துக்கொண்டு ஆடவந்த வெறியர்களுக்கு மறுப்புச் சொல்லி அந்தக் கம்பனியே 2021இல் பகிரங்கமாக அறிக்கை விட்டது. நாங்கள் அந்தச் சாம்ராஜ்யத்தையும் மன்னனையும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. தப்பி வந்தவன், துரத்தி வருபவன், ஒரு பண்ணை. அவ்வளவுதான்.

இனி எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரவு, ஓட்டோத் தம்பி மரைன். பார்மசித் தம்பி ஓர்க். மரைனுடைய காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள், பண்ணையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஓர்க்குடைய காகிதத்தில் வேறு கதை. த்ரக் முன்னொரு காலத்தில் கொள்ளையடித்த சாமானை அந்தப் பண்ணையில் ஒளித்து வைத்திருக்கிறான், அதை எடுக்கத்தான் வருகிறான். மத்தியஸ்தர் ஒரு பேரீச்சங்கொட்டையை ஒரு ரெஜிபோம் வீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். மரைனுக்கு அது தெரியாது. பச்சை மூடிகள் வருவதைக் கண்டதும் தம்பி 6ஐ இறக்கினார். அவ்வளவுதான், சண்டை மூண்டது. மூன்று மணித்தியாலத்தில் இரண்டு பக்கமும் முக்கால்வாசி மூடி பெட்டிக்குள் போய்விட்டது. பண்ணையில் ஒரு வீடும் மிச்சமில்லை.

ஆட்டம் முடிந்ததும் மத்தியஸ்தர் இரண்டு காகிதத்தையும் சத்தமாக வாசித்தார். ஓட்டோத் தம்பி கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு கேட்டார், "அப்ப நீ என்ன கொல்ல வரல்லயா?" மற்றவர் சொன்னார், "அந்த மூலை வீட்ட மட்டும் விட்டிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பன்." சிரித்தோம். சிரித்தாலும் எல்லோர் மனதிலும் ஒன்று ஓடியது. நம் வாழ்நாளில் எத்தனை சண்டைகளுக்கு இப்படி இரண்டாவது காகிதம் ஒன்று இருந்திருக்கும்!

அன்றிரவு தச்சு வேலை செய்யும் நானா ஆடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். 1990இல் ஒன்பது வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடியவர் அவர். எல்லாம் முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது மேசையைக் காட்டிக் கேட்டார்: "சேர், இந்த ஊட்டுக்காரங்க எங்க?"

எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. மூலக் காட்சியில் ஆடுவதற்கு இருப்பது இரண்டு தரப்புத்தான். பண்ணை என்பது ஒளிந்துகொள்ள ஒரு சுவர், அவ்வளவே.

அடுத்த கிழமை அவரே மூன்றாவது தரப்பாக உட்கார்ந்தார். அவருடைய படை ஐந்து சேர்ட் பொத்தான். ஆயுதம் இல்லை, அட்டையும் இல்லை. மேசையின் ஓரத்தைத் தொட்டால் தப்பினார்கள் என்று அர்த்தம். ஒரு முறைக்கு 4 அங்குலம். பிள்ளையைத் தூக்கியவருக்கு 3 அங்குலம் என்று அவரே விதி போட்டார். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆட்டமே மாறிவிட்டது. சுடுவதற்கு முன் நூலைப் பிடித்து, நடுவில் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டோத் தம்பி இரண்டு முறை அட்டையை எடுத்து, திரும்ப வைத்தார். அப்படியும் இரண்டு பொத்தான்தான் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நானா மற்ற மூன்றையும் எடுத்துச் சேர்ட் பொக்கட்டில் போட்டுக்கொண்டார். "நாங்க போகக்குள்ள ஒருத்தரும் நூல் புடிச்சிப் பாக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யுத்தம் பார்த்த ஊரில் யுத்த விளையாட்டா என்று கேட்கிறவர்களுக்கு என்னுடைய பதில் அந்தப் பொத்தான்கள்தான். இதைச் சண்டை பழக்குவது என்று சொல்கிறவர், சண்டை என்றால் என்ன என்று தெரியாதவர்.

நான்காவது குற்றச்சாட்டை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான். பயம். "நமக்குத் தெரியும் சேர், அவங்களுக்குத் தெரியாதே."

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நாம் எப்படி வாழ்ந்தோம் என்று நமக்குத் தெரியும். அரபு எழுத்துள்ள ஒரு கொப்பியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தோம். அந்த மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைப் புத்தகத்தை எழுதிய அஹ்னாப் ஜஸீம் ஓர் ஆசிரியர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். வன்முறையைக் கண்டித்த கவிதைகள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தன. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். வாசிக்காமல் ஒரு புத்தகத்துக்குப் பொருள் சொன்னால் ஓர் இளைஞனின் வாழ்க்கையில் எத்தனை வருடம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நமக்கு மற்றவர்கள் செய்த அதே வேலையை நாமே நமக்குச் செய்யலாமா? மேசையைப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், "மெப்", "சண்டை", "வெளியாள்" என்ற மூன்று சொல்லை மட்டும் எடுத்துக் குரல் பதிவாக்கி நூறு குரூப்புக்கு அனுப்பியவர் யார்? வெளியே இருந்து வந்த எதிரியா? இல்லை. நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்கிறவர். அந்த வொயிஸ் நாளைக்கு யாருடைய போனுக்குப் போகும், அங்கே யார் அதை எப்படி மொழிபெயர்ப்பார் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தாரா?

கிரிம்சன் ஃபிஸ்ட்ஸ் படையின் கோட்டை எப்படி அழிந்தது என்று மேலே சொல்லவில்லை. ஓர்க் கூட்டம் அதை உடைக்கவில்லை. கோட்டைக்குள்ளிருந்து அவர்களே ஏவிய ஓர் ஏவுகணை வழிதவறித் திரும்பி, அவர்களுடைய ஆயுதக் கிடங்கிலேயே விழுந்தது. வொயிஸ் அனுப்புகிற சகோதரர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

பயந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒளிக்கக்கூடாது, திறந்து வைக்க வேண்டும். நாங்கள் ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை. ஜன்னல் றோட்டுப் பக்கம். ஒன்பதரைக்கு லைட் அணைத்துவிடுவோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரையும் வீட்டில் கேட்காமல் சேர்ப்பதில்லை. இதைவிட என்ன திறப்பு வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறோம். ஆனால் "ஆக்கள் கதைக்கிறாங்க" என்பது காரணம் ஆகாது. ஆக்கள் கதைப்பதற்கெல்லாம் சாவியைப் பூட்டினால், நாளைக்கு வாசிகசாலையில் பத்திரிகையும் வாசிக்க முடியாது.

எங்கள் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று, சாவியைத் திருப்பித் தாருங்கள். அது முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதில் எழுத எங்களுக்குத் தெரியும்.

இரண்டு, பெற்றோர் யாராவது பிள்ளைகளை அனுப்ப விரும்பினால், தாங்களும் கூடவே வாருங்கள். ஒரு தரமாவது மூன்றாம் தரப்பாக உட்கார்ந்து அந்த ஐந்து பொத்தானை நடத்திப் பாருங்கள்.

மூன்று, அந்த வொயிஸைப் பதிந்த சகோதரருக்கு. உங்கள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் மத்தியஸ்தராக வர வேண்டும். வழமையான மத்தியஸ்தரிடம் கேட்டுவிட்டேன், கதிரையை விட்டுத்தர அவருக்குச் சம்மதம். அந்தக் கதிரையில் இருப்பவருக்கு ஒரே ஒரு கடமைதான்: யாரையும் பற்றி வாய் திறப்பதற்கு முன் இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் வாசித்திருக்க வேண்டும்.

சாவி வரும்வரை எங்கள் வீட்டு விறாந்தையில் ஆடுகிறோம். வெள்ளிக்கிழமை, இஷா தொழுதுவிட்டு. பிளேன்டீ எங்கள் செலவு. சோடா மூடி இருந்தால் கொண்டு வாருங்கள், பச்சைதான் குறைவாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.